உப்புக் குளிசையும் உப்பில்லா விரதமும்

எனக்கு விசர் என்று ஊர் முடிவு செய்தது நான் குதிரை வாங்கிய அன்றல்ல. அன்று என்னைச் சுற்றி நின்று கைதட்டியவர்களே அவர்கள்தான். பிறகு நான் கட்டிலில் விழுந்து சுவரைப் பார்க்கத் தொடங்கினேனே, அப்போதுதான் முடிவு செய்தார்கள். ஆடுகிறவன் கெட்டிக்காரன், ஆடாமல் கிடப்பவன் விசரன். எங்கள் தீவின் வைத்திய சாஸ்திரம் இவ்வளவுதான்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கர். வீடு புங்குடுதீவில், இறுப்பிட்டியில். காலையில் பஸ், மாலையில் பஸ், நடுவில் மேசை. எழுபதுகளின் பின்பாதியில் ஒரு வருடம் எனக்கு நித்திரையே தேவைப்படாமல் போனது. களைப்பும் இல்லை. மற்றவர்கள் ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறார்கள் என்று எரிச்சலாக இருந்தது. நெடுந்தீவில் குதிரைகள் சும்மா மேய்ந்து திரிகின்றன. இங்கே சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கும் வாத்திமார் வெயிலில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து சாகிறார்கள். இந்த இரண்டு செய்தியையும் ஒன்றாக வைத்துப் பார்த்த முதல் மனிதன் நான்தான் என்று எனக்குத் தோன்றியது. அது உண்மையும்தான். வேறு ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

வள்ளத்தில் ஒரு குதிரையை ஏற்றிக்கொண்டு வந்தேன். கரையில் இறங்கியதும் அது முதலில் வள்ளக்காரரை உதைத்தது, பிறகு என்னை உதைத்தது, பிறகு பக்கத்துக் காணியின் கத்தரிக் கன்றுகளை வேரோடு தின்றது. வாத்திமார் நடையே போதும் என்றுவிட்டார்கள்.

அந்தக் கிழமைகளில் நான் கர்ணன். ரேடியோ ஒருவருக்கு, மேசை ஒருவருக்கு, சைக்கிள் மச்சானுக்கு. மச்சான் என்றால் மனைவியின் தமையன். எனக்கு நோய் என்று தெரிந்த பிறகு, அந்தச் சைக்கிளில் ஏறி வந்துதான் அவர் தங்கச்சியிடம் கவலைப்பட்டார்.

ஏறின மனம் ஒருநாள் விழுந்தது. காலையில் பல் துலக்குவதா வேண்டாமா என்று யோசித்து முடிக்கும்போது பின்னேரமாகிவிடும். கந்தோருக்கு லீவு. சவரம் இல்லை. சோற்றுக் கோப்பையைப் பார்த்தால் அழுகை வரும், அதில் பூசணிக்காய்தான் இருக்கும். மச்சான் வாசலில் நின்றபடியே நோயைக் கண்டுபிடித்தார்.

"தங்கச்சி, இது ஆரோ செய்வினை செய்திருக்கினம். குதிரை வாங்கின நாளிலையிருந்து பிடிச்சிருக்கு. மந்திரக்காரனைக் கூப்பிட்டு அதை வெட்டவேணும்."

"செய்வினையாலை வெளியிலை போன சாமானெல்லாத்தையும் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து வைச்செல்லே வெட்டவேணும், அண்ணை?" என்றாள் மனைவி.

செய்வினைப் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை.

அவள்தான் என்னைக் குளிக்கவார்த்து, சட்டை போட்டு, பட்டணத்தில் இருந்த ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் சிரிக்காத மனிதர். பகிடிக்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. எல்லாவற்றையும் மனைவியிடம் கேட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உமக்கு ரெண்டு வருத்தம் இல்லை. ஒரு வருத்தம்தான். குதிரை வாங்கினதும் அதுதான், கட்டிலிலை கிடக்கிறதும் அதுதான்."

"குதிரை வாங்கினது நல்ல யோசினை எண்டு கொஞ்சப் பேர் சொன்னவை, டொக்டர்."

"அவையையும் என்னட்டை வரச் சொல்லும்."

பிறகு மருந்தைப் பற்றிச் சொன்னார். லிதியம் என்று ஒன்று. கல்லிலிருந்து எடுப்பது, ஒருவகை உப்பு. அது நித்திரைக் குளிசை அல்ல. இன்றைக்குப் போட்டால் நாளைக்குச் சுகம் வராது, கிழமைக் கணக்கில் செல்லும். சுகம் வந்த பிறகும் நிறுத்தக்கூடாது, ஏனென்றால் அது வந்த நோயைத் துரத்துவதோடு வரப்போகிற நோயையும் மறித்து நிற்கிறது. மனம் அளவுக்கு மீறி ஏறாமலும் விழாமலும் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. ஆனால் இரத்தத்தில் அது ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் பிரயோசனம் இல்லை, அளவுக்கு மேலே போனால் நஞ்சு. நடுவில் இருக்கும் இடம் ஒடுக்கம். அதற்காகத்தான் அடிக்கடி இரத்தம் பார்க்க வேண்டும்.

"தண்ணி நல்லாய்க் குடியும். கறியிலை உப்பைக் குறைக்க வேண்டாம். சத்தி, வயித்தோட்டம், தள்ளாட்டம், நாக்குக் குழறல், இதுகள் வந்தால் குளிசையை நிப்பாட்டிப்போட்டு உடனை வாரும். விளங்கிச்சுதோ?"

"ஓம்" என்றோம் இரண்டு பேரும். எனக்குக் கேட்டது இரண்டு சொல்: உப்பு, நஞ்சு. மனைவிக்குக் கேட்டது ஒரு சொல்: சுகம்.

குளிசை தொடங்கியது. முதலில் குறைவாக, பிறகு கொஞ்சம் கூட்டி. நான் கை நீட்டிக் கொடுக்கும் இரத்தம் ரயிலில் கொழும்புக்குப் போய் வந்தது. புங்குடுதீவையும் கந்தோரையும், குதிரைக்காக ஒருதரம் நெடுந்தீவையும் தவிர வேறு திக்குப் போகாத என்னைவிட என் இரத்தம் நாடு பார்த்தது. சில கிழமைகளில் நான் பல் துலக்குவதை யோசிக்காமலே செய்யத் தொடங்கினேன். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் முதல் சாட்சி.

மனம் ஒரு நிலைக்கு வந்தது. ஆனால் மனம் விட்ட இடத்தைப் பயம் பிடித்துக்கொண்டது. குளிசையோடு கை இலேசாக நடுங்கும், தாகம் எடுக்கும், அதெல்லாம் வழமை என்று டொக்டர் சொல்லித்தான் விட்டிருந்தார். கந்தோரில் தேத்தண்ணிக் கோப்பையின் தட்டு டகடகவென்று சத்தம் போட்டால் நான் என் மரண அறிவித்தலுக்கு வாசகம் யோசிக்கத் தொடங்குவேன். நாக்குக் குழறுகிறதா என்று கண்ணாடியின் முன்னால் நின்று, கந்தோர் பெரியவர்களின் பதவிப் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லிப் பார்ப்பேன். தள்ளாட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேலியோரமாக, ஒரு பாதத்துக்கு முன்னால் மறுபாதத்தை வைத்து, நேர்கோட்டில் நடப்பேன். நான் வேலி அளக்கிறேன் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே ஓடி வந்து தன் வேலிக் கதியால்களை எண்ணினார். அடுத்த கிழமை ஒரு புதுக் கதியால் எங்கள் பக்கமாக நகர்ந்து நின்றது.

"இஞ்சாரும், எனக்கு நாக்குத் தடிச்ச மாதிரிக் கிடக்கு."

"போன கிழமையும் செத்தனீங்கள். அதுக்கு முந்தின கிழமையும் செத்தனீங்கள். தேத்தண்ணியைக் குடிச்சிட்டுக் கந்தோருக்கு வெளிக்கிடுங்கோ."

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. இந்தக் குளிசை என் பகிடியையும் சேர்த்துப் பிடித்து வைத்துவிடுமோ என்று. ஊரில் எனக்கென்று இருந்த ஒரே சொத்து அதுதான், மற்றதையெல்லாம்தான் கொடுத்துவிட்டேனே. மனைவியிடம் கேட்டேன்.

"பகிடி போகேல்லை. விட முதல் ஒருக்கால் யோசிக்கிறியள். அது பழக்கமில்லாதபடியால் உங்களுக்கு ஒரு மாதிரிக் கிடக்கு."

உறவினர்களுக்கு ஏமாற்றம். "முந்தின கலகலப்பு இல்லை" என்று மச்சான் வருத்தப்பட்டார். இன்னும் குளிசை போடுகிறேனா என்று எல்லோரும் அன்போடு விசாரித்தார்கள். இல்லை என்று சொல்லமாட்டேனா என்ற ஆசை அவர்களின் கண்ணில் தெரிந்தது. மீதி இருந்த கதிரைகளை ஒருதரம் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இப்படி நான் மனிதனாகி ஒரு வருடம் போயிருக்கும். வைகாசி முடிந்து ஆனி பிறந்தது. அப்போதுதான் மனைவி நேர்த்திக்கடனைப் பற்றிச் சொன்னாள்.

நான் சுவரைப் பார்த்துக் கிடந்த காலத்தில் அவள் நயினாதீவு அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். இந்த மனிசன் எழும்பி நடந்தால், அம்மனின் திருவிழாவுக்குக் கொடி ஏறினதிலிருந்து தீர்த்தம் வரைக்கும் இரண்டு பேரும் ஒரு நேரச் சாப்பாடு, அதுவும் உப்பில்லாமல். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சுவரைத்தான் பார்த்திருப்பேன். நடந்துவிட்டேன், ஆகவே கொடுக்கத்தான் வேண்டும். எழுப்பியது குளிசையா, அம்மனா என்று நாங்கள் வழக்குப் பேசவில்லை. இரண்டு பேரையும் பகைக்க ஏலாது.

ஆனால் மனைவி சுத்தமானவள். எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் குசினிக்குள் நின்று கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, டொக்டர் அண்டைக்கு என்ன சொன்னவர்? இந்தக் குளிசையும் உப்பெண்டெல்லே?"

"ஓம். ஒருவகை உப்பு எண்டவர்."

"அப்ப இதைப் போட்டால் விரதம் கெட்டுப்போகாதோ?"

நியாயமான கேள்வி. இரண்டு பேரும் உட்கார்ந்து அதை ஆராய்ந்தோம். கல்லுப்பா, கடலுப்பா என்று பேசினோம். சமையலுக்குப் போடும் உப்புக்குத்தான் தடையா, உப்பு என்ற சாதி முழுவதற்குமா என்று பேசினோம். நக்கிப் பார்க்கலாம் என்று ஒரு குளிசையை நான் நக்கிப் பார்த்தேன். கைத்தது. முடிவு கிடைக்காமல், எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் ஐயரிடம் போனோம். அவர் கண்ணை மூடி யோசித்தார்.

"மருந்துக்கு விலக்கு உண்டு. தாராளமாய்ப் போடட்டும்."

எங்களுக்குப் பெரிய ஆறுதல். மருந்து விரதத்தைக் கெடுக்குமா என்று இவ்வளவு பேரும் மினைக்கெட்டு யோசித்தோம். விரதம் மருந்தை என்ன செய்யும் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கறியில் உப்பைக் குறைக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. சொல்லியும் பார்த்தேன்.

"அது ஒரேயடியாய் விட்டிடாதையுங்கோ எண்டு சொன்னது. இது கொஞ்ச நாள்தானே. உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்."

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. ஒரு வருடமாக ஒன்றுமில்லாததற்கெல்லாம் செத்துக்கொண்டிருந்த நான், வாழ்க்கையில் முதல்தடவையாகத் தைரியசாலியாக இருக்கத் தீர்மானித்தேன். அதற்கு நான் தெரிந்தெடுத்த சந்தர்ப்பம் இது.

விரதம் தொடங்கியது. உப்பில்லாத சோறு, உப்பில்லாத பருப்பு, உப்பில்லாத பூசணி. எங்கள் கிணறு உவர்க் கிணறு. அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் விருந்தாளி இரண்டாம் முறை வரமாட்டார். அந்தக் கிணற்றையும் மனைவி விட்டுவைக்கவில்லை. தண்ணீர் வழியாகக்கூட உப்பு உள்ளே போகக்கூடாது என்று, நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து இரண்டு குடம் தினமும் சுமந்து வந்தாள். அம்மன் கணக்குப் பார்க்கப் போகிறாள் என்றால் எங்கள் வீட்டில் ஒரு கல் உப்பும் பிடிபடாது.

சில நாள் போனதும் கை நடுங்கியது. வழமையான டகடக அல்ல. கோப்பை கையில் நிற்கவில்லை.

"இஞ்சாரும், இது வேறை மாதிரி நடுங்குது."

"ஒரு நேரச் சாப்பாடெல்லே. நடுங்கும்."

வயிறு கழன்று ஓடத் தொடங்கியது. "பூசணிக்காய்" என்றாள். கால் பஞ்சில் வைத்த மாதிரி இருந்தது. "வெயில்." ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு மறுமொழி இருந்தது, அவளைக் குற்றம் சொல்ல ஏலாது. இதே நோய்களை நான் ஏற்கெனவே பலதடவை அவளுக்கு விற்றிருக்கிறேன். தாகத்துக்கு நிறையக் குடித்தால் அடிக்கடி வெளியே போக வேண்டும், பஸ்ஸில் அது எங்கே ஏலும்? ஆகவே தண்ணீரையும் குறைத்தேன். காலையும் மாலையும் குளிசையை மட்டும் ஒழுங்காகப் போட்டேன். விலக்கு உண்டல்லவா.

தேர்த் திருவிழாவன்று குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறினோம். சோழகக் காற்று. கடல் எழும்பி எழும்பி விழுந்தது. நான் சத்தி எடுத்தேன். வள்ளத்தில் பாதிப் பேர் சத்தி எடுத்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் சத்தி எடுக்காமல் இருந்தார். அவருக்கு என்ன வருத்தமோ என்று எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

கோயில் வீதியில் மணல் கொதித்தது. தேர் வெளிக்கிட்டிருந்தது, சனம் நெருக்கியடித்தது. மனைவி அர்ச்சனைத் தட்டோடு ஒரு பக்கம் போய்விட்டாள். நான் தேரின் பின்னால் நடந்தேன். நடந்தேன் என்பது பெருமைப் பேச்சு. ஒரு கால் வடக்கே போனது, மறுகால் அதைக் கேட்கவில்லை. கை, தோள், தாடை எல்லாம் தனித்தனியாக ஆடின. இதற்குப் பிறகு நடந்ததில் பாதி எனக்கு அரை நினைவு, மீதி மனைவி சொல்லி அறிந்தது.

"ஐயோ, இவருக்கு உரு வந்திட்டுது! அம்மா வந்திட்டா!" என்று ஒரு பெண் கத்தினாள்.

சனம் வட்டமாக விலகியது. யாரோ என் நெற்றியில் விபூதி அப்பினார்கள். யாரோ வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். கை ஆடிய ஆட்டத்துக்கு வேப்பிலை மிகவும் பொருத்தமாக இருந்ததாம்.

"அம்மா தாயே, என்ரை பொடியன் ஜேர்மனிக்கெண்டு வெளிக்கிட்டவன், ஒரு சேதியும் இல்லை. சொல்லணை!"

"தண்ணி" என்று நான் சொன்னேன், நாக்கு மடியவில்லை. அவ்வளவு தாகம்.

"தண்ணியாம்! கப்பலிலை போறான் போலை! சுகமாய்ப் போறானோ, தாயே?"

"தண்ணி… தண்ணி…"

"திருப்பித் திருப்பிச் சொல்லுறா பாருங்கோ!"

கேட்டவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு வாக்குக் கிடைத்தது. ஒருத்தருக்கும் எனக்கொரு செம்பு தண்ணீர் தரத் தோன்றவில்லை. அம்மன் தாகத்துக்குக் கேட்பாளா? அந்த வட்டத்தைப் பிளந்துகொண்டு, இடுப்பில் சால்வையைக் கட்டிக்கொண்டு, மச்சான் வந்தார். இவ்வளவு காலத்தில் என்னை 'நீர்' என்பதற்கு மேலே ஒருநாளும் மதித்தவர் அல்ல. மணலில் விழுந்து கும்பிட்டார்.

"தாயே! என்ரை கிழக்குப் பக்க வேலி வழக்கு. எனக்கு வெல்லுமோ? பக்கத்து வீட்டுக்காரன்தான் கதியாலை என்ரை பக்கம் அரக்கினவன், உனக்குத் தெரியாததில்லை!"

நான் வாயைத் திறந்தேன். எச்சில்தான் வழிந்தது.

அந்த நேரம் பார்த்து மனைவி வந்தாள். முதலில் அவளும் கை கூப்பிவிட்டாள், பிறகு அதைச் சொல்லிச் சொல்லித் தன்னையே ஏசினாள். ஆனால் தமையன் என் காலடியில் 'தாயே' என்று கிடப்பதைக் கண்டாள். நான் பேசாமல் நிற்பதையும் கண்டாள்.

"அண்ணை, எழும்பு. இது அம்மன் இல்லை."

"விசர்க் கதை கதையாதை, தங்கச்சி. பார், எப்பிடி ஆடுறா!"

"நீ காலிலை விழுந்து தாயே எண்டுறாய், இவர் ஒரு பகிடியும் விடாமல் நிக்கிறார். சுய அறிவிருந்தால் இவர் இதை விட்டிருப்பாரே? என்ரை மனிசனுக்கு ஏதோ ஆபத்து."

என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "உங்கடை பேரைச் சொல்லுங்கோ" என்றாள். நான் ஏதோ குழறினேன். அப்போதுதான் டொக்டரின் நாலு சொல்லும் அவளுக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. சத்தி, வயித்தோட்டம், தள்ளாட்டம், நாக்குக் குழறல். நாலும் வந்து முடிந்திருந்தன. காலையில் போட்ட குளிசையும் உள்ளே இருந்தது.

தேர் சுற்றி முடித்து இருப்பிடத்துக்கு வராமல் கோயிலை விட்டு ஒருவரும் போவதில்லை. துறையில் வள்ளங்கள் சும்மா கிடந்தன, வள்ளக்காரர் கரையில் நின்று தேரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு சனக்கூட்டமே எங்களைப் பின்தொடர்ந்து வந்தது.

"அண்ணை, வள்ளத்தை எடுங்கோ. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்."

"பிள்ளை, ஆள் உருவிலை நிக்கிறார். தேர் நாளிலை அம்மனை ஊரை விட்டு ஏத்திக்கொண்டு போ எண்டுறாய். என்னாலை ஏலாது. நான் பிள்ளை குட்டிக்காரன்."

"அம்மன் அங்கை தேரிலை இருக்கிறா, திரும்பிப் பாருங்கோ. இது என்ரை மனிசன்."

வள்ளக்காரர் உண்மையிலேயே திரும்பிப் பார்த்தாராம். அம்மன் தேரில் இருந்தாள். அவர் கயிற்றை அவிழ்த்தார். மறுகரையில், கோயிலுக்கு யாரோ வந்த கார் ஒன்றை மனைவி கையைக் காட்டி மறித்தாள். காருக்குள் நான் ஆடிய ஆட்டத்தில் சாரதியும் ஒருதடவை கும்பிட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது கையில் ஊசியும், தலைக்கு மேலே ஒரு போத்தலும், கால்மாட்டில் டொக்டரும் இருந்தார்கள்.

"நான் அண்டைக்கு என்ன சொன்னனான்?"

"உப்பு எண்டு சொன்னீங்கள்" என்றாள் மனைவி.

"வேறை என்ன சொன்னனான்?"

டொக்டர் இந்தத் தடவை கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னார். சிறுநீரகத்துக்குச் சாதாரண உப்பும் இந்த உப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சாப்பாட்டில் உப்பு வருகிறவரைக்கும் மருந்தில் மிஞ்சியதை அது தாராளமாக வெளியே விடும். உப்பு வராமல் நின்றால், பஞ்சகாலத்துக் கூட்டுறவுச் சங்கக்கடை மாதிரி, கிடைத்த உப்பையெல்லாம் பிடித்துப் பதுக்கத் தொடங்கும், லிதியத்தையும் சேர்த்து. தண்ணீரும் குறைந்தால் இன்னும் மோசம். போட்டது அதே குளிசைதான், ஆனால் உள்ளே அது ஏறிக்கொண்டே போய்விட்டது.

"வீட்டுக் கிணறு என்ன தண்ணி?"

"உவர்த் தண்ணி, டொக்டர். ஆனால் அதை நாங்கள் தொடவேயில்லை. நல்ல தண்ணி சுமந்து வந்துதான் குடுத்தனான்" என்று மனைவி சொன்னாள். அவளுக்கு அது நல்ல சேதி என்ற நினைப்பு.

சிரிக்காத டொக்டர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்தாரா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

அவர் போன பிறகு மனைவி போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாதி வந்தபோது மெதுவாகக் கேட்டாள்.

"தங்கச்சி, இதுக்குள்ளை என்ன?"

"சேலைன், அக்கா. உப்புத் தண்ணி."

தீர்த்தத் திருவிழாவுக்கு இன்னும் ஒரு பகல் இருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள், போத்தலைப் பார்த்தாள். எனக்கு நாக்குக் கொஞ்சம் மடியத் தொடங்கியிருந்தது.

"வாயாலை போகேல்லையப்பா. நரம்பாலைதான் போகுது. ஐயரைக் கேட்டால் விலக்குச் சொல்லுவார்."

அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பகிடி விட்டேன் என்று அழுதாளாம்.

குளிசையை நிறுத்தினார்கள். இரத்தம் ரயிலில் போய் வந்தது. கொஞ்ச நாள் பொறுத்துக் குறைந்த அளவில் திரும்பத் தொடங்கவேண்டும் என்று சொல்லி, ஒரு போத்தல் குளிசையையும் தந்து வீட்டுக்கு விட்டார்கள். தொடங்கவேண்டிய நாள் வந்தது. நான் தொடங்கவில்லை. போத்தலைக் கண்டால் கை நடுங்கியது, குளிசை போடாமலே. கொலைகாரனை வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறோம் என்று எனக்குப் பட்டது.

இதற்கிடையில் எனக்கு ஒரு புது உத்தியோகம் கிடைத்திருந்தது. நயினாதீவில் உரு வந்த மனிதர் என்று பெயர் பரவிவிட்டது. ஜேர்மனிக்குப் போன பொடியனிடமிருந்து சேதி வந்துவிட்டதாம். அவன் விமானத்தில்தான் போயிருந்தான், ஆனால் போன இடத்தில் மழையாம். தண்ணி என்றது சரியாய்ப் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் வாசலில் சனம் கூடியது. மச்சான் பாய் விரித்து, வந்தவர்களை வரிசையில் இருத்தினார். முதல் கிழமை நான் கூச்சத்தோடு திருநீறு மட்டும் கொடுத்தேன். அடுத்த கிழமை ஒன்றிரண்டு சொல் சொன்னேன். பிறகு சொற்கள் தாமாக வரத் தொடங்கின. இலேசாக இருந்தது. நித்திரை குறைந்தது, களைப்பு இல்லை. மற்றவர்கள் மெதுவாகப் பேசுகிறார்கள் என்ற எரிச்சல் திரும்பி வந்தது. எழுவைதீவிலும் ஒரு கிளை திறக்கலாம் என்று ஒரு பின்னேரம் மச்சானிடம் சொன்னேன். அவர் கண் கலங்கினார். கலகலப்பு வந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம், பாயில் இருந்தவர்களுக்கு முன்னால் மனைவி வந்து நின்றாள்.

"எல்லாரும் வீட்டை போங்கோ. இனி இஞ்சை வாக்கு இல்லை."

"தங்கச்சி, தாயின்ரை கோபத்துக்கு ஆளாகாதை" என்றார் மச்சான்.

"தாய்க்குத் திங்கட்கிழமை கந்தோர் இருக்கு, அண்ணை. லீவு முடிஞ்சுது. பாயைச் சுருட்டிக்கொண்டு வெளிக்கிடு."

பாய் எங்களுடையது. அவர் சுருட்டிக்கொண்டுதான் போனார்.

எல்லோரும் போனதும் அவள் அலுமாரியைத் திறந்து போத்தலைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர், எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

"அது நஞ்சு" என்றேன். "என்னைக் கொல்லப் பார்த்தது."

"அது இல்லை, உங்களைக் கொல்லப் பார்த்தது நான்தான். உப்பை எடுத்தது நான், தண்ணியை மாத்தினது நான். குளிசை தன்ரை பாட்டிலை கிடந்தது." அவள் குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "அம்மனோடை கதைச்சிட்டன். இனி விரதமெண்டால் நான் மட்டும்தான். நீங்கள் அவவின்ரை சந்நிதியிலை நிண்டெண்டாலும் உப்புப் போட்டுத்தான் சாப்பிடவேணும் எண்டு சொல்லிப்போட்டன்."

"அவ என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை. அவ உங்களை மாதிரி இல்லை."

"எனக்குப் பயமாக் கிடக்கப்பா." இதைப் பகிடியாகச் சொல்ல எவ்வளவோ முயன்றேன். வரவில்லை.

"தெரியும். எனக்கும் பயம்தான். இதைப் போடாட்டியும் பயம், போட்டாலும் பயம். போட்டால் வாற பயத்துக்குச் செவ்வாய்க்கிழமை இரத்தம் குடுத்துப் பாக்கலாம். மற்றதுக்கு ஆரிட்டைப் போய்ப் பாக்கிறது?"

வாக்குச் சொல்லும் வாய் மூடிக்கொண்டது. குளிசையை வாயில் போட்டு, உவர்த் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். உடனே காது அடைத்தது, இதயம் தப்பித் தப்பி அடித்தது. வயிற்றுக்குள் போக முதலே நஞ்சு வேலை செய்யும் முதல் மனிதன் நான்.

"இஞ்சாரும், எனக்கு ஏதோ செய்யுது."

அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டித் தலைக்கு வைத்து, வெறுந்தரையில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

"செத்தால் எழுப்புங்கோ" என்றாள்.

நான் நாடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து குறட்டை வந்தது. நான் நித்திரையில்லாமல் திரிந்த கிழமைகளில் அவளும் படுக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வெயில் சாய்ந்தது. உயிர் போகிற மாதிரி எனக்குப் பலதடவை இருந்தது. நான் எழுப்பவில்லை.